ஒரே ஒரு புள்ளியில் இந்திய சாம்பியன்! அதுவும் நம்ம தமிழ்நாட்டு அணி! தெரியுமா?

2018-19 பருவத்தில் ஐ-லீக் கால்பந்துக் கோப்பையைத் தூக்கியது எந்த மாநிலத்து அணி, தெரியுமா? வங்காளமா? இல்லை. கோவாவா? இல்லவே இல்லை. மிசோரம், மணிப்பூர்? அதுவும் இல்லை! தமிழ்நாடு! சென்னை சிட்டி எஃப்.சி. என்கிற அணி! நம் அரியலூர் மாவட்டத்துச் செந்துறைக் கடைத்தெருவில் நின்று மெஸ்ஸியின் பனியன் நம்பர் என்ன என்று கேட்டால் ஆறாம் வகுப்புப் பையன்கூட யோசிக்காமல் 10 என்பான். நம் மாநிலத்து அணி நாடு முழுவதையும் வென்ற கதையைக் கேட்டால் பெரியவர்களே முழிப்பார்கள். அது நடந்து இன்னும் பத்து வருஷம்கூட ஆகவில்லை!

பெயரில் சென்னை இருக்கிறதே, சொந்த மைதானம் எங்கே தெரியுமா? கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம்! சென்னை என்று பெயர் வைத்துக்கொண்டு கோவையில் குடியிருந்த அணி அது. அங்கே பந்து கார்னருக்குப் போனால் "தூக்கிப் போடு, தூக்கிப் போடு" என்று மொத்த கேலரியும் தமிழில்தான் கத்தியது.

அதற்கு முந்தைய பருவத்தில் இதே அணி எந்த இடத்தில் இருந்தது? பத்து அணிகளில் எட்டாவது! கீழ் வரிசைக்கு இறங்கிவிடுவோமோ என்ற பயத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்கள். எட்டாவது இடத்தில் கிடந்த அணி ஒரே வருஷத்தில் முதலிடம்! இந்தியக் கால்பந்தில் இப்படி ஒரு பாய்ச்சலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அந்த எட்டாவது இடத்து அணிக்கு கேப்டன் யார் தெரியுமா? மைக்கேல் சூசைராஜ். ஊர், கன்னியாகுமரி மாவட்டக் கடலோரத்தில் உள்ள இரவிபுத்தன்துறை. தூத்தூரைச் சுற்றி வரிசையாக இருக்கும் மீனவ கிராமங்களில் அதுவும் ஒன்று. அங்கே பிள்ளைகள் கட்டுமரத்துக்குப் பக்கத்தில், அலை வந்து நனைத்துவிட்டுப் போகும் மணலில் பந்து உதைத்துத்தான் வளர்கிறார்கள். வெறுங்காலோடு மணலில் ஓடிப் பழகியவனுக்குப் புல்தரை கிடைத்தால் எப்படி இருக்கும்! 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அந்தக் கரையைத்தான் புரட்டிப் போட்டது. கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவில்லை. அந்தப் பருவத்தில்தான் சூசைராஜ் சென்னை சிட்டிக்குக் கேப்டனாக ஆடினார். ஐ-லீக்கின் சிறந்த நடுக்கள ஆட்டக்காரர் விருதையும் வாங்கினார்! அடுத்த பருவம் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். ஆக, கோப்பை வந்த வருஷத்தில் அவர் அணியிலேயே இல்லை! (வருத்தப்பட வேண்டாம். 2019-20-ல் ஏ.டி.கே. அணியோடு இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்றுவிட்டார்.)

சூசைராஜின் கடலோரம் இருக்கட்டும், நம் அரியலூர் மாவட்டமும் ஒரு காலத்தில் கடலுக்கடியில் கிடந்ததுதான், தெரியுமா? இங்கே சுண்ணாம்புக்கல் குவாரியில் கிடைக்கிற சங்கும் சிப்பியும் அம்மோனைட்டும் வேறெங்கிருந்து வந்தன? வாரணவாசி அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கலாம். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்பு நம்மை விட்டுப் போன கடல் தூத்தூர்க்காரர்களுக்கு இன்னும் வாசலில் கிடக்கிறது. அவர்கள் அதன் ஓரத்தில் பந்து ஆடுகிறார்கள்!

சரி, கேப்டன் போன பிறகு என்ன ஆனது? சிங்கப்பூரிலிருந்து அக்பர் நவாஸ் என்ற பயிற்சியாளர் வந்தார். ஸ்பெயினிலிருந்து ஆட்டக்காரர்கள் வந்தார்கள்: நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்டோ எஸ்லாவா. அவர்களோடு உருகுவே மண்ணில் பிறந்து ஸ்பெயினின் கீழ் டிவிஷன்களில் ஆடிக்கொண்டிருந்த பெட்ரோ மான்சி! இவர்களில் ஒருவரைக்கூட இந்தியாவில் அதற்கு முன்பு யாரும் கேள்விப்பட்டதில்லை. இன்னொரு பக்கம் நம் பிள்ளைகள்: எட்வின் சிட்னி வன்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் காமராஜ், ரெஜின் மைக்கேல், சார்லஸ் ஆனந்த்ராஜ்... எட்வினை நடுக்களத்தில் போட்டாலும் ஆடுவார், பின்வரிசையில் போட்டாலும் ஆடுவார். எந்த இடத்தைக் கொடுத்தாலும் முகம் கோணாத ஒருவர் அணியில் இருந்தால் பயிற்சியாளருக்கு அதைவிட வரம் ஏது?

2018 அக்டோபர் 26. முதல் ஆட்டம், கோவையில். எதிரணி இந்தியன் ஆரோஸ். முடிவு 4-1! மான்சி முதல் ஆட்டத்திலேயே ஹாட்ரிக்! பருவம் முடியும்போது அவர் கணக்கில் எத்தனை கோல் தெரியுமா? 21! சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும் சரியாக 21 போட, இருவரும் முதலிடத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பிளாசா டிரினிடாட் தீவுக்காரர். அந்தச் சின்னஞ்சிறு தீவின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேறொரு கதையில் வரும்.

அந்தப் பருவம் கடைசிவரை துரத்தியது யார் தெரியுமா? ஈஸ்ட் பெங்கால்! 1920-ல் பிறந்த கொல்கத்தா ஜாம்பவான். அவர்கள் ஆட்டத்துக்குப் பல்லாயிரம் பேர் சிவப்பும் மஞ்சளும் உடுத்தி வருவார்கள். 2003-04-க்குப் பிறகு தேசிய லீக் கோப்பை கைக்கு வராத ஏக்கத்தில் அந்த ஊரே கிடந்தது. அவர்களைச் சென்னை சிட்டி சால்ட் லேக் ஸ்டேடியத்துக்கே போய்த் தோற்கடித்தது. திரும்பக் கோவையிலும் தோற்கடித்தது! அந்த இரண்டு வெற்றிகள் இல்லாவிட்டால் கோப்பை கொல்கத்தாவுக்கு ரயில் ஏறியிருக்கும்.

இப்போது கடைசி நாளுக்கு வாருங்கள். மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்!

2019 மார்ச் 9, சனிக்கிழமை. சென்னை சிட்டி 40 புள்ளி. ஈஸ்ட் பெங்கால் 39 புள்ளி. ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் இரண்டு ஆட்டம். கோவையில் சென்னை சிட்டிக்கு எதிரே மினர்வா பஞ்சாப், அதாவது போன வருஷத்து சாம்பியன்! கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிரே கோகுலம் கேரளா. கணக்கு எப்படி? சென்னை சிட்டி ஜெயித்தால் வேறு யாரையும் பார்க்க வேண்டாம், கோப்பை இங்கே. டிரா செய்து, அங்கே ஈஸ்ட் பெங்கால் ஜெயித்துவிட்டால்? 41-க்கு 42. கோப்பை அங்கே!

விசில் ஊதியது. மூன்றே மூன்று நிமிஷம். கோல்! யாருக்கு? மினர்வாவுக்கு! ரோலண்ட் பிலாலா வலைக்குள் தள்ளிவிட்டார். இருபது ஆட்டப் பருவத்தின் பத்தொன்பது ஆட்ட உழைப்பு மூன்று நிமிஷத்தில் ஆட்டம் காண்கிறது. இடைவேளை வரை அதே 0-1. கேலரியில் உட்கார்ந்திருப்பவர்களின் ஒரு கண் மைதானத்தில், ஒரு கண் கையிலிருக்கும் செல்போனில். கோழிக்கோட்டில் என்ன ஆச்சு? கோழிக்கோட்டில் என்ன ஆச்சு?

56-வது நிமிஷம். பெனால்டி! பந்தை வைத்தவர் மான்சி. 1-1!

ஆனால் டிரா போதாதே! 69-வது நிமிஷம். கௌரவ் போரா என்ற இருபது வயது டிஃபெண்டர். கோல் போடுவது அவர் வேலையே இல்லை, கோல் விழாமல் தடுப்பதுதான் வேலை. அந்தப் பையன் போட்டார் பாருங்கள்! 2-1! அந்த நேரத்தில் கோழிக்கோட்டில் என்ன நடந்தது தெரியுமா? முதலில் கோகுலம் கோல் போட்டது. அடுத்து ஈஸ்ட் பெங்கால் ஒன்றைத் திருப்பியது. அப்புறம் இன்னொன்றும் போட்டு 2-1 என்று ஜெயித்தே விட்டது! அதாவது கோவையில் மினர்வா இன்னும் ஒரே ஒரு கோலைத் திருப்பினால் போதும், கோப்பை கைநழுவும். அடுத்த இருபது நிமிஷமும் கோவைக்காரர்கள் எப்படிப் பொறுத்தார்களோ! ஆட்டம் 90 நிமிஷம் தாண்டி இஞ்சுரி டைமுக்குள் போகிறது. மறுபடியும் கோல். மறுபடியும் அதே கௌரவ் போரா! 3-1!

முடிந்தது. 20 ஆட்டத்தில் 13 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி. 43 புள்ளி. ஈஸ்ட் பெங்கால் 42. மாதக்கணக்கில் நாட்டின் நாலா பக்கமும் அலைந்து ஆடிய லீக்கை ஒரே ஒரு புள்ளி தீர்மானித்தது! மூன்றாவது இடத்துக்கு வந்தது யார் என்பதும் ஆச்சரியம்தான்: ஸ்ரீநகரிலிருந்து முதன்முதலாக இந்த லீக்குக்கு வந்த ரியல் காஷ்மீர்!

அதற்கப்புறம் என்ன ஆனது? சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல், ஐரோப்பாவின் பெரிய போட்டிகளில் ஆடிப் பெயர் வாங்கிய கிளப், சென்னை சிட்டியில் 26 சதவீதப் பங்கை வாங்கியது! 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் முதற்கட்டச் சுற்றில் ஆட பஹ்ரைனுக்கே போனார்கள். ரிஃபா கிளப்பிடம் ஒரே கோலில் தோற்றுத் திரும்பினார்கள். மான்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குப் போனார். அணி ஒவ்வொருவராகக் கலைந்தது. சில வருஷங்களில் சென்னை சிட்டி ஐ-லீக்கிலேயே இல்லாமல் போனது. சொல்லும்போதே மனசு கனக்கிறது. ஒரு கிளப் கோப்பையை வெல்வதற்கும் ஊருக்குள் வேர்பிடித்து நிற்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது! ஆனால் 2019 மார்ச் 9-ஐ யாராலும் அழிக்க முடியாது.

அதே 2019-ல் இன்னொரு தமிழ்நாட்டு அணியும் இந்திய சாம்பியன் ஆனது, தெரியுமா? சென்னை சிட்டி கோப்பையைத் தூக்கி இரண்டே மாதம். மே 14, லூதியானா. இந்திய மகளிர் லீக் இறுதி ஆட்டம். மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்றது சேது எஃப்.சி! இந்த சேது யாருடைய அணி? ஒரு கல்லூரியினுடையது! விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி பக்கத்தில் இருக்கும் சேது பொறியியல் கல்லூரியார் நடத்தும் அணி! ஆண்களிலும் பெண்களிலும் ஒரே வருஷத்தில் தமிழ்நாடு. இப்படி ஒரு இரட்டைக் கொண்டாட்டத்துக்கு மாநிலம் முழுக்க வெடி வெடித்திருக்க வேண்டாமா?

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள். செந்துறைக்கு வடக்கே வெள்ளாற்றைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். அந்தக் கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசிய மகளிர் சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்தில், பலமுறை சாம்பியனான மணிப்பூரைத் தமிழ்நாடு 2-1 என்று வென்றது. அதில் கோல் போட்டவர் இவர். 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று தமிழ்நாடு மறுபடியும் கோப்பையை வாங்கியபோதும் இறுதி ஆட்டத்தில் கோல் போட்டார்! இவருக்கு வேலை என்ன தெரியுமா? தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர்! ஆண்கள் பக்கம் பாருங்கள், மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் டிராபியைத் தமிழ்நாடு ஒருமுறைகூட வென்றதில்லை. பெண்கள் இரண்டு முறை நாட்டை வென்றுவிட்டார்கள்!

சேது ஒரு கல்லூரி அணி என்றேனே, அதில் ஒன்று ஞாபகம் வருகிறது. உலகத்தின் மிகப் பழைய கால்பந்துக் கோப்பையான எஃப்.ஏ. கோப்பையை ஒரு பல்கலைக்கழக மாணவர் அணி வென்றிருக்கிறது, தெரியுமா? ஆக்ஸ்ஃபோர்டு! 1874 மார்ச் 14. ராயல் இன்ஜினியர்ஸ் என்ற ராணுவ அணிக்கு எதிராக 2-0. ஆட்டம் நடந்த இடம் இன்னும் ஆச்சரியம்: லண்டன் ஓவல்! ஆமாம், இன்று டெஸ்ட் கிரிக்கெட் பார்க்கிறோமே, அதே ஓவல்! அதற்குப் பிறகு இன்றுவரை எந்தப் பல்கலைக்கழகமும் அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை.

நம் நாட்டில் கால்பந்து எங்கே வேர்விட்டது? அதுவும் மாணவர்களிடம்தான்! 1877-ல் கொல்கத்தாவில் நாகேந்திர பிரசாத் சர்பாதிகாரி என்ற பள்ளிச் சிறுவன் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பந்தை உதைத்துப் பார்த்துவிட்டு, கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு ஆட ஆரம்பித்தான். ஆட்டத்தின் விதிகளை அந்தப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஒருவர். 1911 ஜூலை 29-ல் கொல்கத்தாவின் மோகன் பகான் அணி ஆங்கிலேய ராணுவ அணியை 2-1 என்று வென்றதே, அதில் பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்கால்! பூட்ஸ் போட்டிருந்த ஒரே ஆள் சுதிர் சாட்டர்ஜி. அவர் யார்? கல்லூரி ஆசிரியர்!

இனி அமெரிக்காவுக்குப் போகலாம். அங்கே கல்லூரிக் கால்பந்து என்றால் தனி உலகம். வாஷிங்டன் நகரில் ஹோவர்டு பல்கலைக்கழகம் இருக்கிறது. கறுப்பின மக்களுக்காகத் தொடங்கப்பட்ட கல்விக்கூடம். 1971-ல் அதன் ஆண்கள் கால்பந்து அணி தேசிய சாம்பியன் ஆனது! கறுப்பினக் கல்லூரி ஒன்று முதல் பிரிவில் தேசியக் கோப்பையை வென்றது அதுதான் முதல்முறை. பயிற்சியாளர் லிங்கன் பிலிப்ஸ். டிரினிடாட் நாட்டு அணிக்கு கோல் கீப்பராக நின்றவர். (சொன்னேனே, அந்தத் தீவு மறுபடியும் வந்துவிட்டது!) ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் கரீபியன் தீவுகளிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் படிக்க வந்த பிள்ளைகள். இறுதியாட்டத்தில் யாரை வென்றார்கள்? செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தை, 3-2. அந்தக் காலத்தில் கல்லூரிக் கால்பந்தில் செயின்ட் லூயிஸ் என்றாலே எதிரணிக்கு வயிற்றைக் கலக்கும்.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. 1973-ல் அந்தக் கோப்பையைப் பிடுங்கிவிட்டார்கள்! காரணம்? சில ஆட்டக்காரர்கள் சொந்த ஊர் லீக்கில் ஏற்கெனவே ஆடிய வருஷங்களைக் கணக்கில் சேர்த்தால் தகுதிக்காலம் முடிந்துவிட்டதாம். சிலர் நுழைவுத் தேர்வு எழுதவில்லையாம். மைதானத்தில் ஜெயித்ததைக் காகிதத்தில் தோற்றார்கள். பதிவேட்டில் 1971-க்கு நேரே சாம்பியன் இடம் காலி. என்னால் இதை ஆறிய மனசோடு எழுத முடியவில்லை.

ஹோவர்டு என்ன செய்தது தெரியுமா? 1974-ல் திரும்பி வந்தது. ஒரு ஆட்டம், இரண்டு ஆட்டம், பத்து ஆட்டம்... தோல்வியே இல்லை! இறுதியாட்டம். எதிரணி மறுபடியும் அதே செயின்ட் லூயிஸ், அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் கோப்பையை வைத்திருந்தவர்கள். நடந்த ஊரோ செயின்ட் லூயிஸ்! எதிரியின் சொந்த ஊர், எதிரியின் சொந்தக் கூட்டம். முழு நேரம் முடிந்தது, 1-1. கூடுதல் நேரம், முடிவில்லை. இரண்டாவது கூடுதல் நேரம், மூன்றாவது கூடுதல் நேரம், இல்லை. நான்காவதில் கோல்! 2-1! ஹோவர்டு! 19 ஆட்டம், 19 வெற்றி, தோல்வி பூஜ்யம்! இந்தக் கோப்பையை யாராலும் பிடுங்க முடியவில்லை.

அண்மையில் நடந்தது ஒன்று: 2024 டிசம்பர் 16. வெர்மான்ட் என்ற சின்ன மாநிலத்தின் பல்கலைக்கழக அணி. தரவரிசையில் இடமே கொடுக்காமல் போட்டிக்குள் விடப்பட்ட அணி! இறுதியாட்டத்தில் மார்ஷல் பல்கலைக்கழகத்திடம் ஒரு கோல் பின்தங்கி, 81-வது நிமிஷத்தில் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 95-வது நிமிஷத்தில் மேக்ஸிமிலியன் கிஸல் என்ற மாணவர் ஓடிப்போய்ப் போட்ட கோலில் ஜெயித்தது. அங்கே கல்லூரி இறுதிச் சுற்றுகளில் கூடுதல் நேரத்தில் முதல் கோல் விழுந்ததுமே ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம். தங்க கோல்! வெர்மான்ட் கால்பந்தில் தேசிய சாம்பியன் ஆனது அதுவே முதல்முறை.

செந்துறையிலிருந்து அரியலூர் அரசு கலைக் கல்லூரிக்குத் தினமும் பஸ் ஏறுகிற பிள்ளைகளே, உங்களுக்கு எது வழி தெரியுமா? அந்தக் கல்லூரி திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் கண்ணில் பட்டால் பல்கலைக்கழக அணிக்கான தேர்வுக்குக் கூப்பிடுவார்கள். பல்கலைக்கழக அணிகள் தென்மண்டலப் போட்டியில் மோதும். அதில் மேலே வருகிற அணிகள் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிக்குப் போகும். அங்கே காத்திருப்பது சர் அசுதோஷ் முகர்ஜி கேடயம்! கோழிக்கோடு பல்கலைக்கழகம் அதைப் பலமுறை கொண்டுபோயிருக்கிறது. அந்த அணியின் ஆட்டக்காரர்கள் எல்லாம் உங்களைப் போலவே காலையில் வகுப்பு, மாலையில் மைதானம் என்று இருந்தவர்கள்தான்.

தேர்வு நாள் எப்போது என்பது உடற்கல்வி இயக்குநரின் அறைக்கு வெளியே ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும், அதை யாராவது கிழிப்பதற்குள் பாருங்கள். பூட்ஸும் ஷின் கார்டும் இரவல் வாங்கியாவது எடுத்துப் போங்கள். வயது 25-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. ஹோவர்டு பிள்ளைகளுக்கு நேர்ந்தது உங்களுக்கு நேரக் கூடாது என்றால் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ சான்றிதழ்களையும் கல்லூரி போனஃபைடையும் இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, பையின் மேல் அறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த தேதி எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள்!